ஆயாவும் மொரீசுத் தீவும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர் நம்மவர். மியூனிக் நகரில் தை பிறந்தால் விடுமுறைப் பேச்சுத்தான் பிறக்கிறது. வெளியே பனி உறைந்து கிடக்கும். அலுவலகத்தில் எவரைக் கண்டாலும், "இவ்வாண்டு கோடைக்கு எங்கே?" என்பதே கேள்வி. ஜெர்மானியர் கோடைப் பயணத்தைக் குளிர்காலத்திலேயே முடிவு செய்துவிடுவர். முன்கூட்டிப் பதிவு செய்தால் விலை குறையும் என்பது ஒரு காரணம். ஒருவர் விடுப்பில் இருக்கும்போது அவர் வேலையைப் பார்க்க மற்றொருவர் இருந்தாக வேண்டும் என்பது வேறொரு காரணம்.

இந்நகருக்கு நான் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அக்கேள்விக்கு இதுவரை நான் சொல்லிவந்த விடை ஒன்றே. "ஊருக்கு" என்பேன். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை.

ஊர் என்றால் குடுபல்லி. ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில், சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்தை அடுத்த நிலையம். விரைவு வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடும். பாசஞ்சர் வண்டிதான் நின்று எங்களை மதிக்கும். ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டோடு கன்னடமும் சேரும். என் தாயார் தமிழில் பேசித் தெலுங்கில் கையொப்பம் இடுபவர். அவருக்கு வயது எழுபத்தொன்று. தனியே இருக்கிறார். ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களில் நான்கு வாரம் நாங்கள் நால்வரும் அங்கே போய்த் தங்குவது வழக்கம்.

இவ்வாண்டு அவ்வழக்கத்துக்கு இடையூறு நேர்ந்தது. பதினைந்து வயதான என் மகள் ஒரு நாள் இரவு உணவின்போது, "அப்பா, என் வகுப்பில் எல்லாரும் கடலுக்குப் போகிறார்கள். நாம் ஒரு தடவையாவது தீவு ஒன்றுக்குப் போகக் கூடாதா?" என்றாள். பதினொரு வயது மகன் உடனே, "மாலத்தீவு!" என்றான். தண்ணீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் குடில்களின் படத்தை அவன் எங்கோ பார்த்திருக்கிறான்.

நான் என் இல்லாளை நோக்கினேன். அவள் மறுத்துவிடுவாள் என்று எண்ணியிருந்தேன். அவளோ தட்டைப் பார்த்தவாறே, "உங்களுக்கு ஊர் என்றால் ஓய்வு. எனக்கு ஊர் என்றால் நான்கு வாரம் அடுப்படி" என்றாள். பதினெட்டு ஆண்டுகளில் அவள் சொல்லாத சொல் அது. வருகின்ற உறவினர்க்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்தவள் அவள். திண்ணையில் அமர்ந்து அதைப் பருகியவன் நான். மறுமொழி எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

ஆகவே தீவு ஆராய்ச்சி தொடங்கிற்று. அன்பர்கள் சிலர்க்குப் பயன்படலாம் என்பதால் நான் அறிந்துகொண்டதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

மாலத்தீவில் உல்லாச விடுதிகள் தோன்றியது 1972-ஆம் ஆண்டில். முதல் விடுதியின் பெயர் குரும்பா. அந்நாட்டு மொழியில் அது இளநீர்க் காயைக் குறிக்கும் சொல். நம் குரும்பை அங்கே போய் விடுதியாகி நிற்பதைக் கண்டதும் எனக்குப் பாதி மனம் இளகிவிட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அங்குள்ள முறை. விடுதிக்குள் நுழைந்துவிட்டால் உண்பதும் உறங்குவதும் குளிப்பதும் அவர்களிடமே. வேறு கடை கிடையாது. தலைநகரிலிருந்து தொலைவான தீவுகளுக்குக் கடல் விமானத்தில் செல்ல வேண்டும். அது பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். நம் விமானம் மாலையில் போய் இறங்கினால் அன்றிரவு தலைநகரில் ஒரு விடுதிக்குத் தனியே பணம் கொடுத்துத் தங்க வேண்டியதுதான்.

விலைப் பட்டியலைப் படிக்கவும் ஒரு படிப்பு வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் கூட்டல் பணிக்கட்டணம். இரண்டாவது கூட்டல் வரி, 2025 ஜூலை முதல் அது நூற்றுக்கு 17. இவை போதாவென்று பசுமை வரி என்ற ஒன்றும் உண்டு. பெரிய விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் என்று 2025-இல் உயர்த்தியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். விமானச் செலவையும் சேர்த்து நால்வர்க்கு ஏழு இரவுகளுக்கு ஒன்பதாயிரம் யூரோவுக்குச் சற்றே குறைவு. ஊரில் வீட்டுக் கூரையை மாற்றி, ஓர் ஆழ்துளைக் கிணறும் போட்டுவிடலாம் என்று என் மனம் உடனே கணக்கிட்டது. நம்மவர் மனம் யூரோவை ரூபாயாக மாற்றாமல் இருப்பதில்லையே.

பருவமும் ஒரு தடை. பவேரியாவில் பள்ளிக் கோடை விடுமுறை ஆகஸ்டுத் தொடக்கத்தில்தான் ஆரம்பமாகும். ஆகஸ்டு மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மழையும் அலையும் மிகுதி. வெயில் காலமாகிய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை விலை உச்சியில் நிற்கும். பள்ளி முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் குழந்தைகளைக் கூட்டிச் சென்றால் பயணக் கட்டணம் குறையுமே என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் வேண்டாம். இம்மாநிலத்தில் விமான நிலையத்திலேயே போலீசார் பள்ளிப் பிள்ளைகளுடன் வரும் பெற்றோரை விசாரித்துப் பள்ளிக்குத் தெரிவித்திருக்கின்றனர். அபராதம் விதிப்பதும் உண்டு.

இத்தனைக்கும் நடுவே நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுத வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறுதோறும் ஊருக்குத் தொலைபேசியில் பேசுவோம். தை மாதக் கடைசி ஞாயிறு அன்று தாயாரிடம், "இந்த வருசம் லீவு கெடைக்காது போல இருக்குதும்மா" என்றேன். வாயிலிருந்து எளிதாக வந்துவிட்டது. "வேலதானே முக்கியம் கண்ணு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். பின் மழை இல்லாததையும், அண்டை வீட்டு மாடு கன்று ஈன்றதையும் சொல்லிப் பேச்சை முடித்தார்.

அடுத்த ஞாயிறு நான் கடைக்குச் சென்றிருந்தபோது மகன் பேசியிருக்கிறான். "ஆயா, நாங்கள் தீவுக்குப் போகிறோம்! சுற்றிலும் கடல்!" என்று சொல்லிவிட்டான். அவனிடம் மறைக்கச் சொல்ல நான் மறந்துபோனேன் என்பதைவிட, குழந்தையிடம் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை. நான் திரும்பி வந்ததும் இல்லாள் எல்லாவற்றையும் கூறினாள்.

"அம்மா என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவீர்களா, அலை உள்ளே வராதா என்று கேட்டார். பையன் விளக்கினான். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்."

அதற்கடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் தாயார் என்னிடம் பேசினார். என் பொய்யை அவர் தொடவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் தாயார் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் பகுதியில் ஏரிகளுக்குத்தான் சமுத்திரம் என்று பெயர். குப்பத்துப் பக்கம் பரமசமுத்திரம் இருக்கிறது. ரயிலில் ஏறிப் பங்காருப்பேட்டைப் பக்கம் போனால் காமசமுத்திரம் நிலையம் வரும். இரண்டிலும் பல ஆண்டுகள் ஆடு மேய்ந்ததைக் கண்டிருக்கிறேன். 2025 ஆகஸ்டில் ஹந்திரி-நீவாக் கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நதியின் நீர் குப்பம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, அதைக் காண ஊரே திரண்டு போயிற்று. "அந்தத் தண்ணியப் பாக்க ஆட்டோ வச்சிக்கினு போனோம்" என்று தாயார் சொன்னது நினைவுக்கு வந்தது.

என் தந்தையார் பிசாநத்தம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கோலார் சுரங்கங்களை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-இல் மூடப்பட்டபோது இதுவும் மூடப்பட்டது. கணக்கு முடித்துக் கையில் பணம் வந்ததும், "பட்டணத்துக்குப் போயி ஒரு நாள் சமுத்திரத்தைப் பாத்துட்டு வரலாம்" என்று அவர் தாயாரிடம் சொல்லியிருந்தார். அந்தப் பணம் என் பொறியியல் கல்லூரிக்கு ஆயிற்று. பிறகு அவரும் இல்லை.

இதையெல்லாம் நான் இல்லாளிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்பே தெரியும். மாசி மாதத்தில் ஓர் இரவு அவளே சொன்னாள்: "ஆயாவையும் கூட்டிக்கொண்டு போவோம். ஆனால் ஒன்று. அங்கே நான் சமைக்க மாட்டேன். அவரையும் சமைக்க விடமாட்டேன்."

ஐவர் என்றதும் கணக்கு முழுவதும் மாறிற்று. மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. அது அவர்கள் நாட்டு ஏற்பாடு. நாம் குறை கூறுவதற்கில்லை. என் தாயாரோ கட்டைவிரல் அளவுள்ள பித்தளை முருகனை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளாமல் குப்பம் சந்தைக்குக்கூடப் போகமாட்டார். கடல் விமானத்தில் அவரை ஏற்றுவதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவ்வாறுதான் எங்கள் கண் மொரீசுத் தீவின் பக்கம் திரும்பியது.

மகள் சிணுங்கினாள். "அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள் அல்லவா? கடல் வைத்த குடுபல்லி என்று சொல்லுங்கள்" என்றாள். அவள் சொன்னதில் உண்மை உண்டு.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயித் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞரை வரவழைத்தார். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834-இல் தொடங்கி 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினர். கல்கத்தாவில் ஏறியவர் மிகுதி. சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் பல்லாயிரவர். அந்நாளில் எங்கள் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. சித்தூர் மாவட்டம் என்பது 1911-இல்தான் பிறந்தது. அவர்கள் இறங்கிய இடம் ஆப்பிரவாசி காட் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பதினாறு கற்படிகள். 2006-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அவர்களுள் பலருடைய புகைப்படமும் பதிவேடும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர் வழிவந்தோர் சென்று தேடிக்கொள்கின்றனர்.

தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. உகாதியும் அரசு விடுமுறை. எங்கள் ஊர் வீடு போலத்தான். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் புதிய நோட்டுகளில் இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் அச்சிட்டபோது தமிழர் கிளர்ந்தெழுந்தனர்; அந்நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி வேறு அச்சிட்டனர். இதில் வியப்பு யாதெனில், அவ்வாறு கிளர்ந்தவருள் மிகப் பலர்க்கு வீட்டு மொழி கிரியோல். நம் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் சண்டையிட்டுக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் இச்செய்தி எனக்கு நினைவு வருகிறது. அதனால் ஆறுதல் அடைவதா, அஞ்சுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆகஸ்டு அத்தீவில் குளிர்காலம். குளிர் என்று சொல்கிறார்களே தவிர, பகலில் நம் ஊர் மார்கழிக் காலைபோல் இதமாகவே இருக்கும். தென்கிழக்குக் காற்று வீசும் காலம் ஆகையால் கிழக்குக் கரையில் கடல் சற்றுக் கொந்தளிக்கும். வடமேற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் அமைதி. தீவைச் சூழ்ந்து பவளப்பாறை அணைபோல் நிற்பதால் கரையோர நீர் பெரும்பாலும் ஏரிபோல் கிடக்கும். எழுபத்தொரு வயதில் முதன்முதலாகக் கடலில் கால் வைப்பவர்க்கு அது ஏற்றது என்று கருதி, வடமேற்கில் த்ரூ-ஓ-பீஷ் பகுதியைத் தேர்ந்தோம். உயர்ந்த அலை மட்டம் வரையில் கடற்கரை அங்கே பொதுமக்களுக்கு உரியது. எந்த விடுதியும் தனதென்று வேலி போடக்கூடாது. ஆகவே பெரிய விடுதிக்குக் கொடுக்க முடியாதவர் சிறிய விடுதியில் தங்கியும் அதே மணலில் நடக்கலாம். நாங்கள் ஐந்து இரவு மகளின் விருப்பப்படி உல்லாச விடுதியிலும், ஐந்து இரவு வாடகை வீடு ஒன்றிலும் தங்குவதாக முடிவு. வாடகை வீட்டில் அடுப்பு இருக்கிறது. சமைப்பவன் நான். இதை எழுத்தில் தரவேண்டும் என்று இல்லாள் கேட்டிருந்தாள், இதோ தந்துவிட்டேன்.

தாயாரிடம் நானே சொன்னேன். முதலில் பொய்யைச் சொன்னேன். "அன்னைக்கு லீவு இல்லன்னு சொன்னது பொய்யிம்மா" என்றேன். "தெரியும் கண்ணு" என்றார். அவ்வளவே. பிறகு அழைப்பைச் சொன்னேன். உடனே மறுத்தார். மாடு இருக்கிறது, கால் வலிக்கிறது, பணம் வீண் என்று மூன்று காரணம் கூறினார். நான் ஒவ்வொன்றுக்கும் விடை கூறினேன். கடைசியில், "அது எந்த ஊருன்னு சொன்ன?" என்றார்.

"மொரீசு."

"மோரீஸ் பழம் வருதே, அந்த ஊரா?"

நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. நம் பெட்டிக்கடைகளில் தொங்கும் பச்சை மோரீஸ் வாழைக்கு அத்தீவின் பெயர்தான் வந்தது என்பர். சீனத்திலிருந்து மொரீசுக்குப் போன அவ்வாழை, 1820-களில் அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்று, ஒரு பிரபுவின் கண்ணாடித் தோட்டத்தில் வளர்ந்து, அவர் குடும்பப் பெயரைத் தாங்கிக் காவண்டிஷ் ஆயிற்று. இன்று மியூனிக் கடைகளில் நான் வாங்கும் வாழைப்பழமும் அதே இனந்தான். தாயாரின் கேள்விக்கு "ஆமாம்" என்றேன். "அப்பிடின்னா நல்ல ஊராத்தான் இருக்கும்" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அறிந்துகொண்டேன்.

இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்க்கு அத்தீவுக்கு முன்னதாக விசா பெறும் தொல்லை இல்லை. திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிடச் சான்றும் செலவுக்குப் பணமும் காட்டினால் போதும். ஆனால் பாஸ்போர்ட் வேண்டுமே! என் தாயாரிடம் மூன்று ஆவணங்கள் இருந்தன. மூன்றிலும் மூன்று பெயர்கள். ஒன்றில் முன்னெழுத்து என் பாட்டனாருடையது. மற்றொன்றில் தந்தையாருடையது. மூன்றாவதில், தெலுங்கர் வழக்கப்படி இன்டிபேரு கேட்ட எழுத்தர்க்கு என்ன விடை சொல்வதென்று அறியாமல் ஊர்ப்பெயரைச் சொல்லியிருக்கிறார். அது குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. இனிஷியலோடு வாழும் தமிழர் ஆந்திரத்தில் படும் பாட்டை அங்குள்ளோர் அறிவர். ஓர் அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினர். என் ஒன்றுவிட்ட தம்பி விடாமல் அலைந்து எல்லாவற்றையும் ஒரே பெயராக்கினான். உங்கள் பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைக்க எண்ணுவோர் பயணத்தைப் பற்றிப் பேசும் முன்னரே இந்தப் பெயர்களை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சரிபார்க்க வந்த போலீஸ்காரர், "எக்கடிக்கம்மா, ஈ வயசுலோ?" என்று கேட்டிருக்கிறார். "சமுத்ரம் சூடடானிக்கி" என்றாராம் தாயார். அவர் சிரித்துக்கொண்டே மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். சித்திரை மாத இறுதியில் பாஸ்போர்ட் வந்தது.

இனிப் பயண ஏற்பாடு. நான் மட்டும் முன்னதாகப் பெங்களூர் சென்று, அங்கிருந்து நூறு கிலோமீட்டர் பாசஞ்சர் வண்டியில் குடுபல்லி சேர்ந்து, எட்டு நாள் தாயாருடன் இருப்பேன். பிறகு அவரை அழைத்துக்கொண்டு மும்பை வழியாக மொரீசு செல்வேன். இல்லாளும் குழந்தைகளும் இங்கிருந்து துபாய் வழியாக வருவார்கள். அந்த எட்டு நாட்களுக்கு என்ன வேலை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கூரையைப் பார்க்க வேண்டுமாம். கடலுக்குப் போவதால் கூரை ஒழுகாமல் இருக்குமா என்கிறார்.

சென்ற ஞாயிறு மூட்டை முடிச்சைப் பற்றிப் பேசினோம். கேழ்வரகு மாவு, புளி, கருவேப்பிலைக் கன்று ஒன்று, நட்டால் உடனே துளிர்க்கும் முருங்கைக் கிளை ஒன்று என்று பட்டியல் நீண்டது. அங்கே இருக்கும் நம் சனங்களுக்குக் கொடுப்பதற்காம். செடி கொடிகளை அனுமதியின்றி அத்தீவுக்குள் விடமாட்டார்கள் என்று விளக்கினேன். முருங்கை அங்கே முன்பே இருக்கிறது என்றும், கிரியோல் மொழியில் கீரையைப் 'பிரெத்' என்றும் முருங்கைக் கீரையைப் 'பிரெத் முரும்' என்றும் சொல்கிறார்கள் என்றும் கூறினேன்.

"முரும்?"

"முரும்."

தொலைபேசியில் சிறிது நேரம் ஓசை இல்லை. பிறகு சிரிப்பொலி கேட்டது. "பாதிதான் ஞாபகம் வச்சிக்கினு இருக்கறாங்க. நான் போயி மீதியச் சொல்லிட்டு வர்றேன்" என்றார்.